பின்கதவைப் பிடித்திருந்த அக்கா

ரூத், தானி, நீங்கள் இரண்டு பேரும் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். கொக்கி இன்ஸ்பெக்டர். பள்ளிக்கூட ஆட்டோவில் உங்களை ஏற்றிவிட்டால் பக்கக் கம்பியை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஆட்டோ கிளம்பிய பிறகும் நாலு எட்டு கூடவே ஓடி இன்னொரு தடவை பார்ப்பேன். "அப்பா, எல்லாரும் சிரிக்கிறாகப்பா" என்று ரூத் பல்லைக் கடிப்பாள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஊரில் இப்போது பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேறு யாரும் உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் சீப்பும் தேங்காயெண்ணெய் பாட்டிலும் எடுத்துக்கொண்டு நம் தெரு வழியாகப் போவாரே, சீப்பு அத்தை என்று நீங்கள் சொல்கிறவர், அவரைப் பற்றித்தான் இது. நாங்கள் அக்கா என்போம். பெயரை எழுதவில்லை. சபையில் ஒரு வருடம் ஆண்டுவிழா மலர் அச்சடித்தபோது, ஊழியம் செய்கிறவர்கள் வரிசையில் தன் பெயர் இருப்பதைப் பார்த்து அடித்துவிடச் சொன்னவர் அவர். "பேரு என்னத்துக்கு? ஆளு நிக்கிறது தெரியுதுல்ல" என்றார்.

நீங்கள் பார்ப்பது இளைத்துப்போன அக்காவை. நான் ஜீப் ஓட்டிய காலத்தில் நெட்டையான, திடமான ஆள். தோட்டத்து வேலைக்குப் போகிற எல்லாப் பொம்பளைகளையும்போல் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார். தலையில் துண்டு, இடுப்பில் சாப்பாட்டுத் தூக்கு. வீட்டுக்காரர் கல்யாணமான மூன்றாம் வருடமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்றால் இதைச் சொல்வேன். எங்கே எது கழன்று விழப்போகிறதோ அங்கே போய் நின்று பிடித்துக்கொள்வார். அதை யாரும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அவரும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

ஏலக்காய்த் தோட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மழை வந்துவிட்டால், மரத்துக்கு மரம் படுதா கட்டி அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மூன்று மூலைக்கு மரம் இருக்கும். நாலாவது மூலைக்கு இருக்காது. அந்த மூலையை அக்கா பிடித்துக்கொண்டு நிற்பார். பாதி உடம்பு மழையில். உள்ளே பதினைந்து பேர் ஊறுகாய் மாற்றிக்கொண்டு, சூப்பர்வைசர் சேட்டனை வைது சிரித்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

"யக்கா, நீங்க எப்பத் திம்பீக?" என்று யாராவது கேட்டால், "வெரசா முடிங்கத்தா. நான் இங்கன இருந்துக்கிறேன்" என்பார்.

இந்த 'நான் இங்கன இருந்துக்கிறேன்' அவர் வாயில் எப்போதும் இருக்கும். சபையிலும் அப்படித்தான். செருப்பு விடுகிற இடத்தை ஒட்டிக் கடைசிப் பாயில் உட்காருவார். காற்றுக்கு அடித்துக்கொள்ளும் தகரக் கதவைக் காலால் ஒட்டிப் பிடித்தபடியே பிரசங்கம் கேட்பார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நம் செருப்புகள் ஜோடி ஜோடியாக வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். "முன்ன வாங்க சிஸ்டர்" என்று பாஸ்டர் எத்தனையோ வாரம் கூப்பிட்டிருக்கிறார். போனதில்லை. ஒரே ஒரு நாள் போனார். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் தன்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்ததும் இப்படித்தான் நடந்தது. அதை அவரே ஒரு நாள் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போது சொன்னார். இருபது வயதில் ஒரு பந்தல் கன்வென்ஷனுக்குப் போயிருக்கிறார். கடைசி நாள் பிரசங்கியார், "ஊழியத்துக்கு யார் போவீர்கள்? வாழ்க்கையைக் கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறார். அக்கா எழுந்துவிட்டார். அதே நேரம் மலைக்காற்று இறங்கிப் பந்தலைத் தூக்கியது. ஜனம் முன்னால் ஓட, இவர் பக்கத்திலிருந்த கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முன்னால் போனவர்கள் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். பெயர் எழுதினார்கள். இவர் ஜெபம் முடிகிற வரைக்கும் கம்பத்தை விடவில்லை.

"அப்பறம் போயி பேரு குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டாள் பேச்சியம்மா. ஜீப்பில் வாய் ஓயாத கிழவி.

"கேட்டேன். ஜெபம் முடிஞ்சிருச்சு, அடுத்த வருசம் வான்னாக."

"அடுத்த வருசம்?"

"ஆத்தா படுத்துட்டாக."

பெற்ற தாய் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தது இருபத்தோரு வருடம். அத்தனை வருடமும் அக்கா தோட்டத்து வேலைக்குப் போய், வந்து, தாய்க்குச் செய்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டக் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஆனால் மனதுக்குள் அந்த ஒரு காரியம் அப்படியே இருந்தது. வடக்கே எங்கேயோ ஒரு மிஷன் பணித்தளம், அங்கே தான் போய் நிற்க வேண்டும் என்பது. அவர் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். ஜீப்பில் எல்லாருக்கும் தெரியும். "அக்கா இந்தி படிக்கிறாக, கம்முனு வாங்கடி" என்று பேச்சியம்மா அதட்டுவாள். அக்கா ஒரு கிழிந்த புத்தகத்தைப் பார்த்து, "பானி, ரோட்டி" என்று முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

இனி ஜீப். சொல்லத்தான் வேண்டும்.

காலை ஐந்தரைக்கு எடுப்பேன். கம்பம்மெட்டு ஏறி, கேரளப் பக்கம் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயந்திரம் திருப்பிக் கூட்டி வருவேன். ஒன்பது பேர் உட்காரக்கூடிய வண்டியில் பதினாறு பேர். எல்லா ஜீப்பும் அப்படித்தான் போகும், நானும் அப்படித்தான் போனேன். பின்னால் எதிரெதிரே இரண்டு பலகை சீட். கடைசியில் ஒரு தடுப்புக் கதவு. மேல்நோக்கி மூடி இரண்டு பக்கமும் கொக்கி மாட்ட வேண்டும். இடதுபக்கக் கொக்கி தேய்ந்துபோயிருந்தது. பள்ளத்தில் விழுந்து எழுந்தால் துள்ளிக் கழன்றுகொள்ளும். கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தேன். பட்டறையில் விட்டால் ஒரு நாள் ஓட்டம் போய்விடும். காய் எடுக்கிற சீசன்.

அக்கா எப்போதும் கடைசியாக ஏறுவார். அந்தக் கதவை ஒட்டி, இடதுபக்கம், பலகையின் நுனியில் உட்காருவார். "அக்காவுக்குப் பரலோகத்துலயும் பின் சீட்டுதான் போட்டிருக்காக" என்று கேலி செய்வார்கள். "எடம் இருந்தாச் சரித்தா" என்பார்.

அது பணிவு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கண்ணாடியில் பார்க்கிற எனக்குத்தான் தெரியும். வலது கையால் கதவின் மேல்கம்பியைப் பிடித்து உள்பக்கமாக இழுத்துக்கொண்டே வருவார். ஏற்றத்தில் பதினாறு பேருடைய பாரமும் பின்பக்கம் சரியும். அப்போது அந்தக் கை நரம்பெல்லாம் புடைத்துத் தெரியும். முக்கால் மணி நேரம். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு காய்த்திருந்தது. காலையில் விரல் நிமிர நேரமாகும் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு தடவை என்னிடம் சொன்னார். "தம்பி, அந்தக் கொக்கி."

"பாப்பம்க்கா. இந்த வாரம் போகட்டும்."

மூன்றாவது தடவை சொல்லவில்லை. பிடித்துக்கொண்டார்.

பிள்ளைகளே, இதை நன்றாக வாசியுங்கள். எனக்குத் தெரியாமல் அந்தக் கொக்கி அப்படிக் கிடக்கவில்லை. அக்கா பிடித்துக்கொள்கிறார் என்று தெரிந்ததால்தான் மாற்றாமல் விட்டேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் மிஷனிலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. தாய் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வடக்கே ஒரு பிள்ளைகள் விடுதியில் சமையலுக்கும் நோயாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும், வரலாம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் நம் சபையிலேயே கைவைத்து ஜெபித்து அனுப்புவதாக முடிவாயிற்று. மறுநாள் காலை ஜீப்புக்கு வந்த அக்காவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

"இன்னிக்கு அக்கா பின்னாடி ஒக்காரக்கூடாது" என்று ஆரம்பித்தது நான்தான். "முன்னாடி வாங்க. மிஷனரியம்மா முன் சீட்டுலதான் போகணும்."

"வேணாம் தம்பி, நான் இங்கன…"

"ஏறுங்கக்கா, நேரமாகுது" என்று ஆளுக்கொரு பக்கம் தள்ளி முன்னால் ஏற்றிவிட்டார்கள். பேச்சியம்மா குலவை போட்டாள்.

பின் சீட்டு நுனிக்கு செல்வி வந்தாள். இருபத்தாறு வயது. வாழைத்தார் ஏற்றுகிற கருப்பசாமியின் பொஞ்சாதி. வீட்டில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. அவளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. நடுவில் நெரிசலில் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள். "அப்பாடா, இன்னிக்கு எனக்குக் காத்து" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்கா முன்னால் என் பக்கத்தில் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். அந்த ஊரில் குளிருமா, கம்பளி வாங்க வேண்டுமா என்று என்னைக் கேட்டார். பின்னால் செல்வி பாடிக்கொண்டு வந்தாள். நாலாவது வளைவு தாண்டி ரோடு பெயர்ந்து கிடந்த இடத்தில் வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பாட்டு நின்றது. அப்புறம் பேச்சியம்மாவின் கூச்சல்.

இறங்கி ஓடினேன். கதவு தொங்கிக்கொண்டிருந்தது. செல்வி ரோட்டோரத்துக் கல்லில் கிடந்தாள். அதற்கு மேல் உங்களுக்கு எழுத மாட்டேன். அக்கா அவள் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தார். கம்பம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஸ்டேஷனில் கேட்டார்கள். வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்டினாள், நிலைதடுமாறி விழுந்தாள் என்று எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று எல்லாரும் சாட்சி சொன்னார்கள். அவள் சாய்ந்ததில்தான் கதவு திறந்தது என்று வண்டியில் இருந்தவர்களும் நம்பிவிட்டார்கள். பழக்கம் உண்மைதான். அன்றைக்கு அவள் வாந்தி எடுக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குக் காற்று கிடைத்திருந்தது. கதவை அவர்கள் வந்து பார்ப்பதற்கு முன்பே கொக்கிக்குப் புதுக் கம்பி முறுக்கிவிட்டேன்.

கருப்பசாமி மார்ச்சுவரி வாசலில் நின்று செத்துப்போனவளைத்தான் வைதான். "கிறுக்கச்சி, வாந்தி வருதுன்னா வண்டிய நிப்பாட்டச் சொல்ல வேண்டியதுதான?" நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சபையில் இன்னொன்று நடந்தது. நம் சபையில் சாட்சி நேரம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். கர்த்தர் நமக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்வது. அக்காவை அனுப்பி வைக்கிற ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. செல்விக்குப் பதினாறாம் நாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. அக்கா சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, "வருசம் பூரா பின்னாடி ஒக்கார்ற ஒங்கள அன்னிக்கு மட்டும் முன்னாடி ஒக்கார வச்சது யாரு? ஊழியத்துக்காகக் கர்த்தர் காப்பாத்தியிருக்காரும்மா. இத நீங்க சாட்சியாச் சொல்லணும். மிஷன்லருந்து வர்றவகளும் கேக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை சாயந்திரம் அக்கா நம் வீட்டுக்கு வந்தார். உங்கள் அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

"தம்பி, நாளைக்கு நான் எந்திரிச்சா கொக்கியச் சொல்லாம என்னால சாட்சி சொல்ல முடியாது. நீ முன்னாடியே போயி ஸ்டேஷன்ல சொல்லிரு. நானும் கூட வாரேன்."

நான் அவர் காலைப் பிடித்தேன். அப்போது ரூத்துக்கு மூன்று வயது, தானி தொட்டிலில். "என்னைய ஜெயில்ல போட்ருவாகக்கா. இதுக ரெண்டும் என்ன செய்யும்?" என்று அழுதேன்.

அவர் தொட்டில் பக்கம் போனார். தொட்டில் கயிறு ஒருபக்கம் நழுவியிருந்தது. அதை இழுத்து முடிச்சுப் போட்டார். "எனக்கும் பங்கு இருக்கு தம்பி. எடத்த விட்டு எந்திரிச்சவ, இதைப் பிடிச்சுக்க ஆத்தான்னு அவகிட்டச் சொல்லியிருக்கணும். சந்தோசத்துல மறந்துட்டேன். ஒரு நாள்தான் சந்தோசமா இருந்தேன்" என்றார். போய்விட்டார்.

மறுநாள் மிஷனிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சாட்சி நேரத்தில் பாஸ்டர் அக்காவைக் கூப்பிட்டார். கடைசிப் பாயிலிருந்து அக்கா எழுந்து நின்றார். "எனக்குச் சாட்சி இல்ல" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

துக்கத்தில் பேச முடியவில்லை என்று பாஸ்டர் நினைத்துக்கொண்டார். மைக்கை எடுத்துத் தானே சொல்ல ஆரம்பித்தார். அப்போது நம் சபைக்கு வெளியே கூம்பு ஸ்பீக்கர் உண்டு. கருப்பசாமி வீடு இரண்டு தெரு தள்ளி. "தம்முடைய பிள்ளையைப் பின் சீட்டிலிருந்து எடுத்து முன் சீட்டில் உட்கார வைத்த தேவன்…" என்று ஸ்பீக்கரில் போனது. எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் என்றேன்.

அக்கா எழுந்தார். அன்றைக்குத்தான் முன்னால் போனார். செருப்பு விடும் இடத்திலிருந்து பீடம் வரைக்கும், இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே நடந்துபோய், ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ஸ்பீக்கர் செத்துப்போனது. "அப்ப அந்தப் புள்ளைய பின்னாடி ஒக்கார வச்சது யாருங்கய்யா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. வந்த வழியே திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார். தகரக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. காலால் ஒட்டிப் பிடித்தார்.

மிஷன்காரர்கள் பதமாகத்தான் சொன்னார்கள். மனசு ஆறட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. அடுத்த வருடம் கடிதம் வரவில்லை. வயதும் கடந்துவிட்டது. கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எல்லாருக்கும் புரிந்திருக்கும். சொல்லவில்லை. பொய்ச் சாட்சியும் சொல்லவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருபத்து மூன்று வருடமாகக் காத்திருந்ததை விட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜீப்பை விற்றுவிட்டுத் திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பயந்துபோய் விட்டுவிட்டான் என்று ஊரில் பரிதாபப்பட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சீப்பும் எண்ணெயும். கருப்பசாமி விடிகாலையிலேயே தார் ஏற்றப் போக வேண்டும். பிள்ளைக்குத் தலைசீவ ஆள் இல்லை. முதலில் அவன் அக்காவை விரட்டினான். "ஒங்க சாமி ஒன்னைய மட்டும் காப்பாத்துச்சாமே? ஸ்பீக்கர்ல கேட்டேன். போத்தா அங்கிட்டு." அக்கா தெருவிலேயே நின்றார். பிள்ளை தானாக ஓடி வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. மாதக்கணக்கில் தெருவில் வைத்தே சீவினார். அப்புறம் வாசல். அப்புறம் அவனே, "உள்ள வந்து சீவுங்கக்கா, வெயிலடிக்குது" என்றான். ஐந்து வருடம். அந்த வீட்டில் அக்கா ஒருநாளும் வேதபுத்தகத்தைத் திறக்கவில்லை. "ஆத்துமா ஏதும் ஆதாயமாச்சா?" என்று, அந்த வீடு சபைக்கு வருமா என்கிற அர்த்தத்தில், சபையில் ஒருவர் கேட்டதற்கு, "பேன் கொறைஞ்சிருக்கு" என்றார்.

அந்தப் பிள்ளைதான் அபி. ரூத், உன் வகுப்பு அபி. இந்த ஜூன் மாதம் அவளையும் கம்பத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் தடவையாக ஆட்டோ. ஒருநாள் நீ வந்து, "அப்பா, அபி பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. காலையில எதுவுமே சாப்பிட மாட்டாளாம்" என்று சொன்னாய். சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாய்.

மறுநாள் காலை திராட்சைத் தோட்டத்துக்கே அக்கா வந்தார். கொடிப்பந்தலின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் புள்ள பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்குது தம்பி. சாப்பிட்டா ஆட்டோவுல வாந்தி வரும், வாந்தி வந்தா அம்மா மாதிரி விழுந்து செத்துருவேன்ங்குது. அதோட அப்பன் அப்படித்தான் சொல்லி வளத்திருக்கான். அவனுக்கு நீ சொன்னதுதான் தெரியும்."

நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"எம்புட்டு நாளைக்குப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்னு தெரியல தம்பி," என்று வலது கையை விரித்துக் காட்டப் பார்த்தார். விரல்கள் முழுவதும் நிமிரவில்லை. "கை வலிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை, அழவில்லை. ஐந்து வருடத்தில் அவர் தனக்கு வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று சாயந்திரமே கருப்பசாமி வீட்டுக்குப் போனோம். அபி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். "நீ உள்ள போ. நான் இங்கன இருந்துக்கிறேன்" என்று அக்கா வாசலில் நின்றுகொண்டார். கருப்பசாமி அப்போதுதான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, என்ன அதிசயமா" என்றான். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி, கட்டுக்கம்பி, அக்காவின் கை, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது. செல்வி வாந்தி எடுக்கவில்லை, பாடிக்கொண்டு வந்தாள் என்றும் சொன்னேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

"அதைப் பிடிச்சுக்கணும்னு அவகிட்ட யாராச்சும் சொன்னீகளா?"

வாசலிலிருந்து அக்கா சொன்னார். "நான் சொல்லலப்பா. நான்தான் சொல்லியிருக்கணும்."

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். ஐந்து வருடமாகப் பிள்ளைக்குத் தலைசீவிய கையைப் பார்த்தான். "போயிருங்க ரெண்டு பேரும்" என்றான். நாங்கள் இறங்கினோம். பின்னால் கதவைச் சாத்தி உள்ளே கொக்கி போடுகிற சத்தம் கேட்டது.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபையிலும் எழுந்து நின்று சொன்னேன். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உங்களை இனிமேல் பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னால், அது உண்மை. சண்டைக்குப் போகாதீர்கள்.

அபி காலையில் சாப்பிடுகிறாளா என்று தெரியவில்லை. ரூத், அவளைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே. அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் மட்டும் வந்து சொல்.

கருப்பசாமி கதவைச் சாத்திய மறுநாள் காலையும் அக்கா சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. ஆட்டோ வருகிற வரைக்கும் தெருவில் நின்றுவிட்டு வந்தார். அதற்கு அடுத்த நாளும் போனார். இன்றோடு ஒன்பது நாள். "எத்தன நாளைக்கு நிப்பீகக்கா?" என்று கேட்டேன். "மொத தடவையும் தெருவுலதான நின்னேன்" என்றார்.

நாளையிலிருந்து நானும் போகிறேன். காலையில் நீங்கள் எழுந்திருக்கும்போது நான் வீட்டில் இல்லையென்றால் தேடாதீர்கள். அங்கன இருப்பேன். ஆட்டோவில் ஏறியதும் பக்கக் கம்பியை நீங்களே இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை.